நரிக்கும் மானுக்கும் ஒரே எடைக் குண்டு

விவசாயிகள் கூடும் இடங்களில், விளைந்த பயிரை மிருகங்களிடமிருந்து காப்பது குறித்து எழும் கேள்விகளுள் துப்பாக்கியைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வந்துவிட்டாலோ வேறு விஷயத்தைப் பேச விடாது. பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நிலக்கடலை விதை நேர்த்தியைச் செய்து காட்டச் சென்றிருந்தபொழுது, அவ்வூர்ப் பெரிய நிலக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய குமாரர் எழுதியது அது. அவ்விடத்துப் பண்ணைக்காரர் ஒருவர், ஒரே ரைபிளில் 100 கிரெய்ன் எடையுள்ள ஒரே வகைக் குண்டைக் கொண்டே நரியையும் மானையும் சுடுகிறார் என்று அதில் கண்டிருந்தது.

"ஐயா, இங்கே கடலைக் கொல்லையில் நரித் தொல்லை, ஊத்துக்கோட்டைப் பக்கம் காட்டோரத்து மாந்தோப்பில் மான் தொல்லை. இரண்டுக்கும் பொதுவாக எந்த எடைக் குண்டு வாங்கலாம்? தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். உடனிருந்த கிராம நிர்வாக அலுவலரும் அதைத் தெரிந்துகொள்ள ஆவலுற்றிருந்தார்.

இக்கேள்விக்குக் குண்டின் தன்மையைப் பற்றிய விடை ஒன்றும், நமது தேசத்துச் சட்டத்தைப் பற்றிய விடை ஒன்றும் உண்டு. இரண்டாவதை விட்டு முதலாவதை மட்டும் சொல்வது அபாயம். ஆகையால் அதன் சாரத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன்படி, உரிய வன அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவின்றி நரியையோ மானையோ சொந்த நிலத்திற்குள்ளேயே ஆயினும் சுடுவது குற்றமாகும். அவ்வாறாயின் குண்டின் எடையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். துப்பாக்கியின் பலத்தைப் பற்றிக் கிராமங்களில் நிலவும் தவறான எண்ணங்களே கள்ளத் துப்பாக்கிக்கும், காயம்பட்டு ஓடிய மிருகத்துக்கும், அடுத்த கொல்லையில் வேலை செய்தவன் மீது பாய்ந்த குண்டுக்கும் காரணமாகின்றன. மனுக்களை விசாரித்து அறிக்கை எழுத வேண்டிய கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைச் சற்றுத் தெரிந்திருப்பது நலம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமது வயல்களில் இரவில் ஊளையிடும் நரியும் இங்கிலீஷ்காரர் 'பாக்ஸ்' என்று சொல்லும் மிருகமும் ஒன்றல்ல. நமது நரி ஏறக்குறைய 8 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. சீமையில் உள்ள சிவந்த பாக்ஸ் அதைவிடச் சிறிது இலேசானது. 'பாக்ஸ்' இனத்தைச் சேர்ந்த நமது தேசத்து மிருகம் வங்காநரி. அது 2 முதல் 4 கிலோ எடையுள்ள சிறு பிராணி. சேலம் ஜில்லா வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டிப் பிடித்து வந்து ஓட விட்ட வழக்கம் அதனைக் கொண்டேயாம். அதற்காக வனத்துறையார் அபராதம் விதித்ததும் உண்டு. நீலகிரியில் இங்கிலீஷ் துரைமார் குதிரை ஏறி நாய்க்கூட்டத்துடன் துரத்தியது, அங்கே பாக்ஸ் இல்லாமையால், நமது நரியையே.

மானிலும் இவ்வாறே. வெளிமான் என்னும் திருகுகொம்பு மான் ஆண் 32 முதல் 43 கிலோ வரை இருக்கும். கொம்பு உதிராத இனமாகையால் சாஸ்திரப்படி அது மான் வர்க்கத்தில் சேராது, அது கிடக்கட்டும். புள்ளிமானின் ஆண் 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். ஆகவே நரிக்கும் புள்ளிமானுக்கும் உள்ள தாரதம்மியம் ஏறக்குறைய ஒன்றுக்கு எட்டு. இவ்வளவு வித்தியாசமுள்ள இரு உடல்களுக்கு ஒரே குண்டு ஏற்குமா என்பதே கேள்வி.

குண்டின் எடையைக் கிரெய்ன் என்னும் அளவால் சொல்லுவது உலக வழக்கம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், 8 கிராம் உள்ள ஒரு சவரன் சுமார் 123 கிரெய்ன் ஆகும். எனவே கடிதத்தில் கண்ட 100 கிரெய்ன் குண்டு முக்கால் சவரனுக்குச் சற்று அதிகம். நரிக்கென்றே செய்யப்படும் 55 கிரெய்ன் குண்டு அரைச் சவரனுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய உலோகத் துண்டு ஒரு மிருகத்தை வீழ்த்துவது எடையால் மட்டுமன்று, வேகத்தினாலும் ஆகும். எடை இரட்டித்தால் பலமும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ பலம் நான்கு மடங்காகும். இப்பலத்தை அடி-பவுண்டு என்னும் அளவால் கணக்கிடுவர்.

இங்கிலாந்தில் மான் வேட்டைக்குரிய சட்டம் இக்கணக்கையே ஆதாரமாகக் கொண்டது. 1991 ஆம் வருஷத்து மான் சட்டப்படி, குழலின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிளாலும், குழல் வாயில் 1,700 அடி-பவுண்டுக்குக் குறைந்த பலமுள்ள தோட்டாவாலும் மானைச் சுடக் கூடாது. குண்டின் முனை மெத்தென்றோ குடைவாகவோ இருக்க வேண்டும். மிகச் சிறிய மான் வகைகள் இரண்டுக்கு மட்டும் 2007 இல் சலுகை கொடுத்து, .220 அங்குலம், 50 கிரெய்ன், 1,000 அடி-பவுண்டு என்று குறைத்தார்கள். நரிக்கென்று அதைப் போன்ற குறைந்த அளவு இல்லை. ஆகவே நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பும் அந்நாட்டுப் பண்ணைக்காரர், மானுக்குரிய சட்டத்தைத் தாண்டுகிற துப்பாக்கிகளில் சிறியதைத் தேடுவர். 1955 இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் என்னும் தோட்டா அதற்குப் பேர் பெற்றது. அந்தக் குமாரர் எழுதியதும் அதைப் பற்றியே.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அதே .243 ரைபிளில் 58 கிரெய்ன் குண்டும் போடலாம், 100 கிரெய்ன் குண்டும் போடலாம். 58 கிரெய்ன் குண்டு இலேசானதால் விநாடிக்குச் சுமார் 3,750 அடி வேகத்தில் புறப்படும். கணக்கிட்டால் அதன் பலம் 1,800 அடி-பவுண்டு. 100 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,960 அடி வேகத்தில் புறப்படும். அதன் பலம் 1,940 அடி-பவுண்டுக்குச் சற்று மேல். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் மானுக்குத் தகுதி உள்ளவையே. ஆனால் இலேசான குண்டு நரி போன்ற சிறு மிருகத்துக்கென்று மெல்லிய உறையுடன் செய்யப்பட்டது. பட்ட இடத்திலேயே தூள் தூளாகச் சிதறிவிடும். நரியின் மெல்லிய உடலில் அது உள்ளே போய்ச் சிதறுமாதலால் பிராணன் உடனே போகும். மானின் தோள்பட்டை எலும்பில் பட்டாலோ மேலே பெரிய புண்ணை உண்டாக்கி அங்கேயே நின்றுவிடும். இருதயமும் சுவாசப்பையும் சேதமின்றி இருக்கும். அம்மான் ஓடி மறைந்து, ஈ மொய்த்துப் புழு வைத்துப் பல நாள் கழித்துச் சாகும். சுட்டவன் தப்பிவிட்டது என்றே எண்ணிக்கொண்டு வீடு திரும்புவான்.

ஸ்காட்லாந்தில் 1985 ஆம் வருஷத்து உத்தரவு, சிறு மான் அல்லாத ஏனைய மான்களுக்குப் பலத்தோடு எடையையும் சேர்த்து, குண்டு 100 கிரெய்னுக்குக் குறையலாகாது என்று விதித்தது இதனால்தான் என்று கொள்ளலாம். பலக் கணக்கு ஒன்றை மட்டும் நம்பினால் இலேசான குண்டு உள்ளே நுழைந்துவிடும்; எடைக் கணக்கு அதற்கு ஒரு தாழ்ப்பாள்.

ஆகவே, இரண்டு மிருகத்துக்கும் ஒரே எடை என்றால், பெரிய மிருகத்தை உத்தேசித்தே எடையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே சரியான விடை. மானுக்குப் போதுமான குண்டு நரிக்கும் போதும். நரிக்குப் போதுமானது மானுக்குப் போதாது. நரியின் தோலை விற்பவனுக்குத் தோல் கிழிவது நஷ்டம்; விவசாயிக்கு அந்தக் கவலை இல்லை. இடைப்பட்ட எடை எடுத்தால் இரண்டுக்கும் சரியாகும் என்று சிலர் எண்ணுவர். அது சந்தையில் ஏர் மாட்டுக்கும் பால் மாட்டுக்கும் நடுவான மாட்டைத் தேடுவது போன்றதே.

ஒரே எடையை வைத்துக்கொள்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு துப்பாக்கியில் எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். 100 கஜத்தில் குறி பார்த்துத் திருத்திய .243 ரைபிளின் 100 கிரெய்ன் குண்டு 200 கஜத்தில் மூன்று நான்கு அங்குலம் தாழும். வேறு எடைக் குண்டு வேறு விதமாகத் தாழும், சில வேளை பக்கவாட்டிலும் விலகும். மானின் மார்பில் இருதயமும் சுவாசப்பையும் உள்ள இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். நரியினுடையதோ ஒரு தேங்காய்மூடி அகலமே. சட்டைப் பையில் இரண்டு வகைத் தோட்டாவையும் கலந்து வைத்துக்கொண்டு இருட்டில் ஒன்றை எடுத்துப் போடுபவன் எதைச் சரியாக அடிப்பான்? ஒரே வகையை வைத்துக்கொண்டு, அது எங்கே விழுகிறது என்பதைக் குறிப்பலகையில் பலமுறை சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவனே காயமின்றிக் கொல்லுவான். அந்தப் பண்ணைக்காரரின் முறை இவ்வளவில் சரியே.

சமீப காலத்தில் ஈயக் குண்டைப் பற்றியும் ஆட்சேபம் ஏற்பட்டிருக்கிறது. சிதறிய ஈயத் துணுக்குகள் சவத்தைத் தின்னும் கழுகு முதலியவற்றுக்கு விஷமாகின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே விலக்கிவிட்டார்கள். ஈயத்துக்குப் பதில் வரும் செம்புக் குண்டு ஒரே பருமனுக்கு எடை குறைந்தது. ஆகையால் ஈயத்துக்குச் சொல்லிய எடையை அப்படியே செம்புக்குச் சொல்ல இயலாது.

இனி நமது தேசத்துக்கு வருவோம். இங்கே குண்டின் எடையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் சீமையில் உள்ளதுபோல் இல்லை. .303 போன்ற படைத்துறை அளவுகள் பொதுஜனங்களுக்கு விலக்கப்பட்டவை. சர்க்கார் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு லைசென்சுதாரர்கள் அதிகமாக வைத்திருக்கும் ரைபிள் .315 என்பதாகும். அதற்குரிய குண்டு ஏறக்குறைய 244 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட இரண்டு சவரன் எடை. விநாடிக்குச் சுமார் 2,150 அடி வேகம் என்று கொண்டால் 2,500 அடி-பவுண்டு பலம் வரும். புள்ளிமானுக்கும் பன்றிக்கும் இது தாராளம். நரிக்கு இது வீண் என்பதோடு, நரியைத் துளைத்து அப்பாலும் வெகுதூரம் போகும் என்பதே பெரிய ஆட்சேபம். நிலக்காரர் கேட்ட கேள்விக்கு நமது தேசத்தில் தொழிற்சாலையே விடை சொல்லிவிட்டது எனலாம். அவ்விடை நமது ஊருக்கு ஏற்றதன்று.

மேலும், பயிர்ப் பாதுகாப்புக்கென்று ரைபிளைக் கேட்பதே சட்டத்தின் வழக்கமான வழியன்று. 1959 ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, மெய்யான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே முதலில் சொல்லுகிறது. அது போதாது என்று லைசென்சு அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உள்ளே புரியில்லாத வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிள் என்பது குழலினுள் திருகுபுரி வெட்டப்பட்டது; அதற்குத் தனியாகத் தக்க காரணம் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் புத்தியில்லாமல் இல்லை. புரியில்லாத துப்பாக்கியின் ரவை வெகுதூரம் செல்லாது.

வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் ஒரே எடைக் குண்டு என்பது வேறு விதமாகும். பன்னிரண்டு போர் என்பதன் பொருளே, குழலுக்குச் சரியாய் அமையும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதாகும். அப்படி ஒரு உருண்டை 583 கிரெய்ன். ரைபிள் குண்டைப் போல் பல மடங்கு எடை. எடை இவ்வளவு இருந்தும், புரியின்றிச் சுழலாமல் போவதால் 40, 50 கஜத்துக்கு அப்பால் எங்கே விழும் என்று சொல்ல இயலாது. எடை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. இதை அறியாமல் சிலர் உருண்டையோடு ஆணித் துண்டு, சைக்கிள் பால்ரஸ், கூழாங்கல் இவற்றைச் சேர்த்துக் கெட்டிக்கிறார்கள். மருந்தையும் கை போனபடி போடுகிறார்கள். குழல் வெடித்துச் சுடுபவனுடைய கண்ணும் விரலும் போவது இதனால்தான். பொடி ரவையைப் போட்டு நரியைத் தூரத்தில் சுடுவதும் தவறு. பின்காலில் நாலு ரவை தங்கிய நரி சாவதில்லை. நொண்டியாகி, எலியைத் துரத்த மாட்டாமல், ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தேடி வீட்டோரம் வரும்.

நமது பக்கத்துப் பூமியின் அமைப்பை இதனோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆவடி 2019 இல் தானே மாநகராட்சியாயிற்று. முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடங்களில் இப்பொழுது தொழிற்சாலையும் மனைப்பிரிவும் நிறைந்திருக்கின்றன. இடையிடையே பத்து ஏக்கரும் ஐந்து ஏக்கருமாகக் கீரை, கடலை, நெல் நடக்கிறது. சிறிய .22 துப்பாக்கியின் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும். கனத்த ரைபிள் குண்டு, தடையின்றி மேல்நோக்கிப் போனால், 4 கிலோமீட்டருக்கு அப்பாலும் விழக்கூடும். பூவிருந்தவல்லிக்கும் திருமழிசைக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவே. இங்கே குண்டைத் தாங்கும் குன்று இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கத்து வயல்களில் தண்ணீர் நிற்கும் காலத்தில் சாய்வாகச் சுட்ட குண்டு, பையன்கள் எறியும் ஓட்டாஞ்சில்லைப் போல், நீரில் தத்தி வேறு திக்கில் போகும். நரி இரவில் வருவது. இரவில் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நிலக்காரரிடம் நான் இதைச் சொன்னபொழுது அவர் தம் கொல்லையின் கிழக்கே தெரிந்த மாடி வீடுகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். கிராம அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆதியில் 1972 ஆம் வருஷத்துச் சட்டம் சிலவகை வேட்டைக்கு லைசென்சு கொடுக்க இடம் வைத்திருந்தது. 1991 ஆம் வருஷத்துத் திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. 11 ஆம் பிரிவில் மட்டும் விலக்கு உண்டு. முதல் அட்டவணையில் உள்ள மிருகம் மனித உயிருக்கு அபாயமானாலோ, தேறாத நோயோ ஊனமோ உற்றாலோ மட்டும், தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவிடலாம். பயிர்ச் சேதம் அதற்குக் காரணமாகாது. வெளிமான் அவ்வட்டவணையில் உள்ளது. அதற்குக் கீழ்ப்பட்ட மிருகங்களின் விஷயத்தில், நிற்கும் பயிருக்கு அபாயம் என்பதும் காரணமாகலாம். ஆயினும் காரணத்தைக் கண்டு எழுத்து மூலமாக உத்தரவு பிறக்க வேண்டும். அட்டவணைகள் 2022 ஆம் வருஷத்துத் திருத்தத்தால் மாற்றி எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு மனுவில் குறிப்பு எழுதும் அதிகாரி தம்மையும் மனுதாரரையும் சங்கடத்தில் மாட்டுவார். தன்னையோ பிறரையோ தாக்க வரும் மிருகத்தை நல்லெண்ணத்தோடு தற்காப்பாகக் கொன்றால் குற்றமில்லை என்றும் சட்டம் சொல்லுகிறது. கடலை தின்ன வந்த நரி அதில் அடங்காது.

காட்டுப்பன்றி விஷயத்தில் மட்டும் நமது ராஜ்ய சர்க்கார் 2025 இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. அங்கேயும் துப்பாக்கி வனத்துறையார் கையில்தான், நிலக்காரர் கையில் அன்று. இது மானுக்கும் நரிக்கும் பொருந்தும் என்று சிலர் பரப்புவது முற்றிலும் தவறு.

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் நமது பக்கத்தில் இன்னும் உண்டு. லைசென்சுதாரர் காலஞ்சென்றவுடன் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, வாரிசு பெயரில் லைசென்சுக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். பயிர்க் காவலுக்கென்று அதை எடுத்துத் துடைத்து மருந்து கெட்டிப்பவர், லைசென்சின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றத்தையும் வேட்டைக் குற்றத்தையும் ஒருங்கே செய்கிறவராவார். ஆவடியில் 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனரகம் ஏற்பட்டிருப்பதால், அதன் எல்லைக்குட்பட்டவர்கள் லைசென்சு விஷயமாக அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

துப்பாக்கிக்குப் பதிலாக அவுட்டுக்காய் வைப்பவரும், மின்சாரக் கம்பியை நேரே வேலியில் கொடுப்பவரும் உண்டு. அவுட்டுக்காய் எந்த வாயில் வெடிக்கும் என்று வைத்தவனுக்கே தெரியாது. மேய வந்த பசுவின் தாடை போன இடங்கள் உண்டு. மின்வேலியினால் தருமபுரி ஜில்லாவில் 2023 மார்ச்சில் மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. சூரிய ஒளியால் இயங்கி விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும் வேலி வேறு. அதுவும் அனுமதி பெற்று, விதிப்படி அமைக்க வேண்டியதே.

அந்த நிலக்காரரின் கொல்லைக்கு மறுநாள் விடியற்காலையில் அவரும் நானும் போனோம். கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். நரி தோண்டியது என்று காட்டப்பட்ட குழிகளைக் குனிந்து பார்த்தோம். வரப்போரத்தில் இருந்தவை பெருச்சாளி வளைகள். வளை வாயில் புது மண் குவிந்திருந்தது. உட்புறத்தில் கடலைக் காய் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வளைகள் சிலவற்றின் மேல் அகலமாகப் பறித்த குழிகளும், அவற்றின் பக்கத்தில் நரியின் அடிச்சுவடும், எலி ரோமம் கலந்த எச்சமும் இருந்தன. செடியைப் பிடுங்கிக் காய் தின்ற இடங்களும் இல்லாமலில்லை. நரி கடலையும் தின்னும், தர்ப்பூசணியையும் கடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொல்லையில் வளை வெட்டிய சேதம் அதிகமாகவும், செடி பிடுங்கிய சேதம் குறைவாகவும் இருந்தன. "அப்படியானால் என் கடலையைத் தின்கிறவனைப் பிடிக்க வந்தவனையா நான் சுட இருந்தேன்?" என்றார் நிலக்காரர். முழுவதும் அப்படியன்று, முக்கால் பங்கு அப்படி என்றேன்.

அவருக்கு நான் சொன்ன யோசனைகள் யாதெனில்: காய் முற்றுவதற்கு முன்னரே வரப்பு வளைகளைக் கூட்டாக வெட்டி எலியைக் குறைப்பது; ஒருவர் வெட்டி அடுத்தவர் விட்டால் பிரயோஜனமில்லை. இறந்த கோழியையும் கறிக்கடைக் கழிவையும் ஏரிக்கரையில் எறிவதைக் கிராமமே நிறுத்துவது. நரியை ஊருக்குள் இழுப்பது அதுவே. அறுவடைக்கு முன் ஒரு மாதம் மட்டும் கொல்லையைச் சுற்றிக் கம்பிவலை போட்டு, அடிப்பக்கத்தை ஓரடி வெளிப்புறமாக மடக்கி மண்ணில் புதைப்பது. நரி வேலியின் அடியில் தோண்டுமேயன்றி ஓரடி தள்ளி நின்று தோண்டத் தெரியாதது. மாந்தோப்புக்கு இது போதாது. மான் தாண்டாதிருக்க வேலி எட்டடி உயரம் வேண்டும். அவ்வளவு செலவு செய்ய மாட்டாதவர் இளங்கன்றுகளை மட்டும் தனித்தனியே கூண்டு கட்டிக் காப்பது நல்லது. மான் சேதத்துக்கு வனத்துறையினிடம் நஷ்டஈட்டு மனுக் கொடுக்கலாம். சேதம் கண்ட மறுநாளே தெரிவித்து, வன அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்வையிடும் வரையில் சேதப்பட்ட செடியைப் பிடுங்காமல் வைத்திருக்க வேண்டும். சிட்டா, அடங்கல் நகலும் தயாராக இருக்கட்டும். அடங்கலில் பயிர் பதியாதிருந்தால் மனு நிற்பது கஷ்டம். இங்கே கிராம அதிகாரியின் கடமை பெரிது.

நரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. பகலில் தயக்கமின்றி மனிதர் மேல் பாய்ந்து, வாயில் நுரையோடு திரியும் நரி வெறிநோய் கொண்டதாக இருக்கலாம். அத்தகையதைத் தற்காப்புக்காக அடித்துக் கொல்ல நேர்ந்தால் தலையைச் சிதைக்கக் கூடாது. நோயை நிச்சயிக்க மூளைதான் பரீட்சைக்கு வேண்டும். கனத்த குண்டைத் தலையில் செலுத்தினால் பரீட்சைக்கு ஒன்றும் மிஞ்சாது. உடலை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். கடிபட்டவர் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மந்திரிக்கப் போய் ஒரு நாளைக் கழிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

நிலக்காரர் தம் குமாரருக்கு எழுதிய பதிலை என்னிடம் படித்துக் காட்டினார். அந்த ஊருக்கு 100 கிரெய்ன் சரி, பெரிய மிருகத்துக்குத் தக்கதையே எடுத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, நமக்கு வேண்டியது 100 அடி கம்பிவலை என்று முடித்திருந்தார். கொல்லையின் சுற்றளவைக் கயிறு பிடித்து அளந்தபொழுது 100 அடி போதாது, 900 அடி வேண்டும் என்று தெரிந்தது. வலை வந்ததும் அடிப்பக்கத்தை மடக்கிப் புதைக்கும் விதத்தை அங்கேயே செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கிராமத்தார் வந்து பார்க்க விரும்பினால் கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர் கொடுத்து வைக்கலாம்.